கண்டம் இருக்குன்னு எழுதுங்க

எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும் என்று என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதற்கே எங்கள் தெரு மூன்று வருஷம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. இரண்டு தடவை சொல்லியிருந்தால் திருத்தணி மலையே இரண்டாகியிருக்குமோ என்னவோ.

அப்போது நான் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திருத்தணியில் கிளம்பி, பொதட்டூர்பேட்டை வழியாக எல்லையைத் தாண்டி நகரி வரைக்கும் போய்த் திரும்புகிற வண்டி. தெலுங்கு எனக்குப் பேச வரும். என் மனைவி நகரிப் பக்கத்துப் பெண்; அவளிடம் திட்டு வாங்கியே பாதித் தெலுங்கு கற்றேன். படிப்பது என்பது வேறு விஷயம். பஸ் போர்டில் எழுதியிருக்கும் நான்கைந்து ஊர்ப் பெயர்களைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். அந்த எழுத்துகளையே இடம் மாற்றிப் போட்டால் எனக்கு அவை ஜாங்கிரி.

எங்கள் வீட்டுக் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் கோயிலுக்குப் போகிற பாதையில் ஒரு அறை எடுத்து வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் நல்லவர்தான், வருஷத்தில் முந்நூற்று அறுபத்திரண்டு நாள். மீதி மூன்று நாள் ஆடிக் கிருத்திகை. காவடி எடுத்து வரும் கூட்டத்துக்கு நாள் வாடகைக்கு விட்டால் மூன்று மாத வாடகை மூன்று நாளில் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு ஆடியிலும், "கண்டக்டரே, ஒரு மூணு நாள் மாமியார் வூட்டுக்குப் போய்ட்டு வாங்களேன்" என்பார். நாங்களும் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு நகரிக்குப் போவோம். ஊரெல்லாம் திருத்தணிக்கு வந்துகொண்டிருக்கும்போது, திருத்தணியிலிருந்து வெளியே போகும் பஸ்ஸில் நாங்கள் இரண்டே பேர் இருப்போம். மூன்றாவது வருஷம் என் மனைவி மாசமாக இருந்தாள். மடியில் ஆட்டுக்கல்லை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "இன்னாங்க, ஒரு கிருத்திகைக்காச்சும் எம் வூட்டுக் கதவ நானே உள்ள தாப்பா போட்டுகினு உக்காரணுங்க."

அவ்வளவுதான் அவள் கேட்டது. மாடி கேட்கவில்லை, மச்சு கேட்கவில்லை. ஒரு தாழ்ப்பாள்.

மலையடிவாரத்தில் ஒரு தெரு உருவாகிக்கொண்டிருந்தது. நெசவு வேலைக்காரர்கள், கூலி வேலைக்காரர்கள், பூ கட்டுகிறவர்கள் என்று இருபத்திரண்டு வீடு. அந்த வரிசையில் இருபத்து மூன்றாவதாக நாங்களும் ஒரு ஓட்டு வீடு போட்டோம். எதிர்வீட்டில் என் மைத்துனன், மனைவியின் தம்பி, சின்ன வயதிலிருந்தே பொதட்டூர்பேட்டையில் தமிழ் படித்து வளர்ந்தவன், ஒரு கைத்தறி போட்டிருந்தான். பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரர். இடம் யாருடையது என்று கேட்டால் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: பொறம்போக்கு.

அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பழக்கமானது. டிக்கெட் எடுக்காமல் தூங்குவது போல நடிக்கிறவனை நான் திட்டும் வார்த்தையே அதுதான். அந்த மண்ணில் வீடு கட்டிய பிறகு யாரையும் அப்படித் திட்ட நாக்கு கூசியது. சொந்த விலாசத்தைச் சொல்லித் திட்டுகிற மாதிரி இருந்தது.

வீடு இருக்கிறது, பட்டா இல்லை. பட்டா இல்லாததால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் என் மைத்துனன் பவர்லூம் போட முடியவில்லை. பொதட்டூர்பேட்டையில் தெருவுக்குத் தெரு பவர்லூம் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. கைத்தறியில் ஒரு நாள் முழுக்க இவன் நெய்கிற துணியை அவர்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் நெய்துவிடுகிறார்கள் என்று புலம்புவான். நூல் விலை வேறு ஏறிக்கொண்டே போனது. அதற்குக் காரணம் டெல்லி என்று பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தவர்கள் சொல்வார்கள். மெட்ராஸ் என்று வலது பக்கம் சொல்வார்கள். நான் நடுவில் நின்று டிக்கெட் கிழிப்பேன். நூல் கட்டு மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் பஸ் கூரைமேல் ஏறிக்கொண்டிருக்கும், அதற்கும் லக்கேஜ் போட வேண்டும்.

பட்டா என்பது எப்படி இருக்கும் என்று எனக்கு ஓயாத ஆசை. நான் பார்த்ததே இல்லை. மஞ்சளா, வெள்ளையா? முத்திரை வட்டமா, சதுரமா? ஒரு காகிதம் வந்ததும் அதே மண் வேறு மண்ணாகிவிடுமா? மழை பெய்தால் அதே இடத்தில்தானே ஒழுகப்போகிறது? இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்டால் என் மைத்துனன், "பாவா, நீ டிக்கெட்ட மட்டும் கிழி" என்பான்.

இப்படி இருக்கையில்தான் ஒரு புது வருவாய் ஆய்வாளர் மாற்றலாகி வந்தார். ஆர்.ஐ. என்போம். தெற்கத்திக்காரர். தினமும் எங்கள் வண்டியில்தான் போவார். ஒரு நாள் மடியில் துணி சுற்றிய ஒரு பெரிய பழைய புத்தகம். எங்கள் ஊர் எல்லை மாறித் தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முந்திய காலத்து நிலக் கணக்கு. அப்போது சித்தூர் ஜில்லா. அதனால் எழுத்தெல்லாம் தெலுங்கு.

"ஏ கண்டக்டரே, இங்க வாரும். உமக்குத் தெலுங்கு படிக்கத் தெரியுமா?"

பஸ்ஸில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டில் பெண்கள் வேறு.

"தெரியாமலா சார்! தினம் பார்டர் தாண்டிப் போய்கினு வர்றவன் நானு."

"அப்ப இதப் படிச்சுச் சொல்லும். மலையடித் தெருவாம். பட்டா கேட்டு எழுதிப் போட்டிருக்காவ. இடம் என்ன வகைன்னு இதுலதான் எழுதிருக்கு."

எங்கள் தெரு! என்னைத் தவிர அந்தத் தெருக்காரர் யாரும் அன்று வண்டியில் இல்லை. குனிந்து பார்த்தேன். ஒரே வட்ட வட்டமாக இருந்தது. முதல் பாதி "கிராம" என்று பிடிபட்டது. அடுத்ததில் ஒரு 'க', பக்கத்தில் ஒரு சுழி, அப்புறம் நடுவில் பொட்டு வைத்த ஒரு வட்டம், மறுபடி ஒரு சுழி. ஒரு குத்துமதிப்பில் அடித்தேன்: "கிராம கண்டம்."

அதிசயம், படித்தது சரிதான். அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் மகான்.

"கண்டம்னா?" என்றார்.

"கண்டம்னா தெரியாதா சார்? ஜாதகத்துல சொல்லுவாங்களே, தண்ணில கண்டம், நெருப்புல கண்டம்னு. ஆபத்து சார்."

"ஆபத்தா? அந்த இடத்துல என்ன ஆபத்து?"

இப்போது எனக்கே அது தெரிய வேண்டியிருந்தது. யோசித்தேன். எங்கள் தெருவுக்கு நேர் மேலே, மலைச் சரிவில், கவிழ்த்த சோற்றுப்பானை மாதிரி ஒரு பெரிய பாறை உண்டு. ஆடு மேய்க்கிறவர்கள் அதன் நிழலில் படுப்பார்கள். அது பற்றி அந்த நிமிஷம் வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மேல ஒரு பாறை கீது சார். அது உருளும்னுதான் அந்தக் காலத்துலயே எழுதி வெச்சிருக்காங்க போல" என்றேன். ஆபத்து என்று தெரிந்தால் சர்க்கார் சீக்கிரம் கவனிக்கும், பட்டா ஓடி வரும் என்பது என் கணக்கு. ஆர்.ஐ. பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிக்கொண்டார். நான் கெத்தாக விசில் ஊதினேன்.

நாற்பது நாளில் பதில் வந்தது. "பழைய நிலக் கணக்கின்படி பாறை விழும் அபாயமுள்ள பகுதி. குடியிருப்புக்கு உகந்ததல்ல. மனு நிராகரிக்கப்படுகிறது." எங்கள் வீட்டையும் சேர்த்து இருபத்து மூன்று வீட்டுக்கும் ஒரே வாசகம்.

அன்று தெருவே வெளியே வந்து தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அந்தப் பாறையை முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி.

என் மைத்துனன் ஒரு கட்சி. தையல்காரர் எதிர்க்கட்சி. கட்சிப் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம். தெருவிலேயே அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை. உருளும் கட்சி, உருளாத கட்சி என்றுதான் சொன்னார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது தையல்காரர் கட்சி. ஆகவே மைத்துனன் கட்சி, "பாறை உருளும்! தெரிந்தே ஏழைகளைச் சாகவிடும் ஆட்சி!" என்றது. ஓட்டுப் போட்டால் அரக்கோணம் ரோட்டில் காலனி வீடு கட்டித் தருவார்களாம். தையல்காரர் கட்சி, "பாறை உருளாது! பொய் சொல்லி மக்களை விரட்டப் பார்க்கிறார்கள்" என்றது. அவர்களுக்கு ஓட்டுப் போட்டால் இங்கேயே பட்டாவாம்.

பதினொரு வீடு இந்தப் பக்கம், பதினொரு வீடு அந்தப் பக்கம். எங்கள் வீட்டில் என் மனைவி, "உருண்டாலும் உருளாட்டியும் கதவு மட்டும் எனுது" என்று இரண்டு பக்கத்துக்கும் பிடிகொடுக்கவில்லை. என்னை இரண்டு கட்சியும் தங்கள் ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தன. கண்டக்டர் முகத்துக்கு அந்த வசதி உண்டு.

"பாறை மேல விழுந்தா உன் மெஷின் நசுங்குமா நசுங்காதா, சொல்லுய்யா!" என்பான் மைத்துனன்.

"என் மெஷின் நசுங்குனா உன் தறி மட்டும் தப்பிச்சிடுமா? எதிர்ல தானே கீது!" என்பார் தையல்காரர்.

"அதாங்கிறேன் நானும், உருளும்னு!"

"உருளாதுன்னு சொல்லிகினு இருக்கிறேன், உன் காதுல இன்னா நூலா அடைச்சிகினு இருக்குது?"

எனக்கு உண்மையிலேயே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நான் கட்டிவிட்ட பொய்தான். இருந்தாலும் இத்தனை பேர் இத்தனை ஆவேசமாகப் பேசினால், ஒருவேளை உருளுமோ? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் சுண்ணாம்புடன் மலையேறினேன். பாறையும் மண்ணும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு போட்டேன். பாறை நகர்ந்தால் கோட்டிலிருந்து விலகும். இறங்கி வரும்போது விஞ்ஞானி மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் அதைத் தள்ளியும் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் இடுப்புதான் நகர்ந்தது. இரண்டு நாள் வளைந்தபடியே டிக்கெட் கொடுத்தேன்.

அடுத்த வாரம் மழை. சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்து வழிந்தது. அதை என் மைத்துனன் கட்சிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். "எவனோ அதிகாரி ரகசியமா வந்து அளந்துட்டுப் போயிருக்கிறான், கோடு ரெண்டு விரக்கடை நகர்ந்திருக்குது!" என்று ஊர்வலமாக மேலே போய்க் கொடி நட்டார்கள். தையல்காரர் கட்சியும் போனது. "அதிகாரிகள் அளந்து உறுதி செய்த கோடு, பாறை ஒரு மயிரிழையும் அசையவில்லை" என்று அவர்களும் ஒரு கொடி நட்டார்கள். என் சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கொடி. பாறை பாவம், கல்யாண வீட்டில் ஆள் தெரியாமல் மாலை போடப்பட்டவன் மாதிரி நின்றது.

அடுத்து வந்த தேர்தலில் ஆட்சி மாறியது. மைத்துனன் கட்சி ஜெயித்தது. அன்று அவன் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தான். காலனி வீட்டில் தறியை எந்த மூலையில் போடுவது என்று தரையில் கரியால் வரைந்துகூடக் காட்டினான்.

ஆறு மாதம் போயிற்று. மைத்துனன் கட்சிப் பெரிய மனிதர் ஒருவர் காரில் வந்து இறங்கி, கண்ணாடியைக் கழற்றிப் பாறையைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேசினார்: "நிபுணர்களிடம் கேட்டுவிட்டோம். பாறை உறுதியானது. பயப்பட ஏதுமில்லை." காலனி கட்டப் பணம் இல்லை என்பது அதற்கு அர்த்தம் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

அடுத்த நாள் என் மைத்துனன் சுவரெதிரில் தூரிகையும் கையுமாக நின்றான். அவன் வீட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு "உருளும்" என்று எழுதியிருந்தான். இப்போது அது "உருளாது" ஆக வேண்டும்.

"பாவா, பாதியத்தான் மாத்தணும். முன்னாடி ரெண்டு எழுத்து அப்படியே நிக்கட்டும்."

"அதே சுவரு, அதே சாயம். ஆனா போன மாசம் வரிக்கும் உருளும்னியே?"

"அது அப்போ."

"பாறை இன்னாடா பண்ணிச்சி நடுவுல?"

"பாறை ஒண்ணியும் பண்ணல பாவா. ஆட்சிதான் மாறிச்சி."

அவனைக் கேலி செய்ய எனக்கு வாய் ஊறியது. அப்போது பக்கத்தில் தையல்காரர் தன் சுவரில் இருந்த "உருளாது"வின் வாலை அழித்துக்கொண்டிருந்தார். அழிப்பதற்குத் தண்ணீர் கேட்டார். என் மைத்துனன் தன் வாளியை நகர்த்திக் கொடுத்தான். ஒருத்தர் கொள்கையை ஒருத்தர் எடுத்துக்கொண்டு, ஒரே வாளியில் தூரிகையைக் கழுவினார்கள். பதினொன்றும் பதினொன்றும் அப்படியே பக்கம் மாறின. அடுத்த வாரத்திலிருந்து சண்டை அதே சூட்டில் தொடர்ந்தது. வசனம் மட்டும் இடம் மாறியிருந்தது.

ஓட்டுப் போட்டுப் போட்டு எங்கள் விரலில் மை காய்ந்ததுதான் மிச்சம். கரண்ட் கம்பம் தெருமுனை வரை வந்து நின்றது. மைத்துனன் இரவல் வாங்கிய ஒரு பவர்லூம் நாடாவை, குறுக்கு நூல் ஓட்டுகிற கட்டையை, தறிமேல் வைத்து அழகு பார்ப்பான். என் மனைவி கதவைத் தாழ்ப்பாள் போடுவாள், உடனே திறப்பாள். "நாளிக்கே காலி பண்ணுன்னு சொன்னா இந்தத் தாப்பா இன்னாத்துக்கு?" என்பாள். நான் போய்த் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடுவேன்.

மூன்றாவது வருஷம் ஜமாபந்தி அறிவித்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை தாலுகா ஆபீஸில் பந்தல் போட்டு, தாசில்தார் ஊர்க் கணக்கையெல்லாம் வரவழைத்துப் பார்த்து, மனுவும் வாங்குவார். உருளும் வீடுகள் ஒரு மனு எழுதின, உருளாத வீடுகள் ஒரு மனு எழுதின. என் மைத்துனன் கெட்டிக்காரத்தனமாக, பழைய தெலுங்குப் புத்தகத்திலிருந்து எங்கள் இடத்துக்கான வரியை நகல் எடுத்து வாங்கி வந்துவிட்டான். நேராக என்னிடம் நீட்டினான்.

"பாவா, நீதான் பஸ் போர்டெல்லாம் படிப்பியே. இன்னா எழுதியிருக்குதுன்னு சொல்லு."

அதே வட்டங்கள். அதே சுழி, பொட்டு, சுழி. என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. நான் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தேன், தூரத்தில் பிடித்தேன், கண்ணாடி வாங்க வேண்டும் என்றேன். அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்த என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் நகரியில் ஐந்தாம் வகுப்பு வரை தெலுங்குப் பள்ளிக்கூடம் போனவள். பத்து வருஷக் குடித்தனத்தில் அதை நான் ஒரு நாளும் நினைத்ததே இல்லை.

"கிராமகண்டம்" என்றாள். "அதானே பாத்தேன்."

"எத அதானே?" என்றான் தம்பி.

"டேய், நம்ம நைனா வூட்டுக் காயிதத்துலயும் இதாண்டா இருக்குது. கிராமகண்டம்னா ஊரு குடியிருக்கிற எடம். இவங்க தமிழ்ல நத்தம்னு சொல்லுவாங்களே, அது. பொறம்போக்கு இல்ல, ஒண்ணியும் இல்ல. வூடு கட்டிக்கிறதுக்குன்னே வுட்ட எடம்."

"கண்டம்னா ஆபத்து இல்லியா?" என்றேன், மெதுவாக.

"ஆபத்தா? கண்டம்னா தொண்டைங்க. நீலகண்டன்னு சாமி பேரு இல்ல? ஊரோட தொண்டை."

என் மைத்துனன் எழுந்து குதித்தான். "அப்போ எவன் இத ஆபத்துன்னு படிச்சி அந்த ஆர்.ஐ. கையில சொன்னான்? அவன் மட்டும் எங் கையில மாட்டட்டும் பாவா, அவன் நாக்க இழுத்து தறில கட்டி நெய்யறேன்!"

"நெய்யி, நெய்யி" என்றேன்.

அவன் போனதும் என் மனைவி கரண்டியோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க."

"ஆங்."

"பஸ்ல அந்த ஆர்.ஐ. தினம் வருவாருன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆங்."

"நீங்க ஒண்ணியும் படிச்சிக் காட்டலியே?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முன் சீட்டுப் பெண்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். கரண்டி பறக்கும் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும் ஒன்றைக் கேட்டாள்: "சரி, உங்களுக்குத்தான் படிக்கத் தெரியல. மூணு வருசமா மலைமேல ஏறிக் கொடி நட்டாங்களே, ரெண்டு கச்சில ஒருத்தனாச்சும் அந்தப் பொஸ்தகத்தத் தெறந்து பாத்தானா?"

அவர்கள் ஏன் திறக்கவில்லை? ஓட்டுக்குப் பாறை போதுமாக இருந்தது, புத்தகம் எதற்கு? அது எனக்குத் தெரியும். நான் ஏன் இவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பதுதான் தெரியவில்லை.

"நாளிக்கி ஜமாபந்தில நீங்களே எழுந்து சொல்லணும்" என்றாள். "நான் கூட வர்றேன். அடிக்க வந்தா எம் பின்னாடி நின்னுக்குங்க."

பந்தலில் கூட்டம். மேஜைக்குப் பின்னால் தாசில்தார், பக்கத்தில் அதே ஆர்.ஐ., அதே புத்தகம். எங்கள் தெருக்காரர்கள் இரண்டு அணியாக நின்று இரண்டு மனுவையும் ஒரே நேரத்தில் நீட்டினார்கள். மைத்துனன் தன் நகலை உயர்த்திக் காட்டப் பார்த்தான்; சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. தாசில்தார் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லுங்கய்யா. பாறை உருளுமா, உருளாதா?"

"உருளும்!" என்றது ஒரு பக்கம். "உருளாது!" என்றது மறுபக்கம்.

நான் கையைத் தூக்கினேன். "ஐயா, பாறை உருளவே இல்லீங்க. நாக்குதான் உருண்டுட்டுது."

"யார் நாக்கு?"

"எனுதுதாங்க."

சொன்னேன். ஆர்.ஐ. எழுந்து, "ஆமா சார், இவருதான் படிச்சாரு. நான் தெக்கத்தி ஆளு, நம்பிட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன ஓய், பார்டர் தாண்டிப் போறவன்னீரு?" என்றார்.

தையல்காரரும் என் மைத்துனனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்து, ஒரே நேரத்தில், ஒரே குரலில் கத்தினார்கள்: "அட பொறம்போக்கு!"

மூன்று வருஷத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து சொன்ன ஒரே வார்த்தை அது. என் மைத்துனன் மட்டும் உறவு விட்டுப்போகக் கூடாது என்று, "பொறம்போக்கு பாவா!" என்று திருத்திக்கொண்டான். அந்த ஒற்றுமைக்கு நான்தான் காரணம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனாலும் மனைவியின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். "சரி, விஷயம் தெளிவாயிடுச்சு. ஆபத்து ஒண்ணும் கிடையாது. ஆர்.ஐ., குறிப்புக் கலத்துல எழுதிக்குங்க: கண்டம் இல்லை."

எல்லோரும் தலையாட்டினார்கள். உருளும் ஆட்களும் தலையாட்டினார்கள், உருளாத ஆட்களும் தலையாட்டினார்கள். ஆர்.ஐ. பேனா புத்தகத்தில் இறங்கியது. என் மனைவி என் கையை அப்படியே நகம் பதியக் கிள்ளினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புத்தகத்தில் கிராமகண்டம் என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே கண்டம் இல்லை என்று எழுதினால், குடியிருப்பு இடம் இல்லை என்று ஆகிவிடாதா? நாளைக்கு இன்னொரு ஆர்.ஐ. வருவார், அவருக்கு இன்னொரு கண்டக்டர் படித்துச் சொல்வான்.

மேஜைமேல் பாய்ந்து ஆர்.ஐ. கையைப் பிடித்துக்கொண்டேன். "ஐயா, வேணாங்க! கண்டம் இல்லன்னு எழுதாதீங்க! கண்டம் இருக்குன்னு எழுதுங்க!"

"ஏன்யா, இப்பத்தானே இல்லேன்ன?" என்றார் தாசில்தார்.

"அந்தக் கண்டம் இல்லீங்க. இந்தக் கண்டம் இருக்கணுங்க!"

"இவன இட்டுகினு போய் மோர் குடுங்கப்பா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

என் மனைவி முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "ரெண்டும் வேணாங்க. தமிழ்ல நத்தம்னு எழுதிடுங்க. யார் படிச்சாலும் ஒரே மாதிரி இருக்கும்" என்றாள்.

தாசில்தார் பேனாவை ஆர்.ஐ.யிடமிருந்து வாங்கித் தானே எழுதினார்.

பட்டா அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் வந்தது, அடுத்த தேர்தலுக்குச் சரியாக முந்தின மாதம். "கண்டத்தை நீக்கினோம்" என்று ஒரு கட்சி நோட்டீஸ் போட்டது. "கண்டத்தை மீட்டோம்" என்று இன்னொரு கட்சி நோட்டீஸ் போட்டது. வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே ஒருவகையில் சரி. நான் ஓட்டுச் சாவடிக்குள் முத்திரைக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைய தேதிக்கு யார் உருளும், யார் உருளாது என்று யோசித்தபடி நின்றேன். உள்ளே செத்துகித்துப் போய்விட்டேனா என்று வெளியே இருந்து அதிகாரி எட்டிப் பார்த்தார்.

ஊருக்கு ஏன் தொண்டை என்று பெயர் வைத்தார்கள் என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை. நகரியில் பல பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஊர் கத்துகிற இடம் அதுதான் என்பதாலோ என்னவோ. எங்கள் தெருவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

மைத்துனன் வீட்டுக்குக் கரண்ட் வந்து, பவர்லூம் ஓட ஆரம்பித்த வருஷம் ஆடிக் கிருத்திகை. ஊரெல்லாம் காவடி. என் மனைவி பிள்ளையோடு மூன்று நாளும் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சாமி பார்க்க மலைக்குக்கூட வரவில்லை. "சாமி எங்கியும் போகாது. நான் வூட்டுல கீறேன்" என்று உள்ளிருந்து சொன்னாள். வேலை முடிந்து வந்த நான் கதவைத் தட்டிக்கொண்டு வெளியே நின்றேன்.

கடைசி நாள் என்னை உள்ளே விட்டு, பட்டாவை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அது தமிழில் இருந்தது. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். மஞ்சள் இல்லை, வெள்ளை, முத்திரை வட்டம். சர்வே எண், மூன்று சென்ட், வகை நத்தம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கதவைத் திறந்து எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"டேய், வந்து இத நீ ஒரு தபா படிச்சிச் சொல்லுடா."

"ஏன்க்கா, பாவாதான் படிச்சாரே?"

"அதனாலதாண்டா."

அவன் தறியை நிறுத்திவிட்டு வந்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்தான். நான் படித்தது அத்தனையும் சரியாக இருந்தது. நான் படிக்காமல் விட்டது ஒரே இடம்தான்; அந்த உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரைப் படித்ததும் அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இவரு பேர்லயா இருக்குது?"

"ஆமாக்கா."

"அப்போ கண்டம் இன்னும் தீரலடா" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.